மூடி போட்ட பழைய பியூட்டர் (வெள்ளீயக் கலவை) பீர் குவளை: யார் செய்தது, எந்தக் காலத்தது?

வால்பாறை பேரன்:
வணக்கம். எங்கள் அப்புச்சி வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். சீமைக்குத் திரும்பிப் போன துரை ஒருவர் அவருக்குக் கொடுத்த குவளை இப்போது என்னிடம் இருக்கிறது. சாம்பல் நிறம், மேலே மூடி, கைப்பிடிக்கு மேல் கட்டைவிரல் வைத்து அமுக்க ஒரு நாக்கு, அமுக்கினால் மூடி திறக்கும். கீல் தளர்ந்து மூடி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. அடியில் ‘ஜேம்ஸ் டிக்சன் அண்ட் சன்ஸ், ஷெஃபீல்டு’ என்று ஆங்கிலத்தில் முத்திரை, அதற்குக் கீழே 1768. பொள்ளாச்சியில் ஒரு கடையில் காட்டினால் வெள்ளி இல்லை, எடைக்குப் போட்டுவிடுங்கள் என்கிறார்கள். சொந்தக்காரர் ஒருவரோ 1768-லேயே செய்தது, லட்சக்கணக்கில் போகும் என்கிறார். விற்கிற எண்ணம் இல்லை. யார் செய்தது, எந்தக் காலம், கீலைச் சரிசெய்யலாமா, தெரிந்தவர்கள் சொல்லுங்க.

கோவை பழம்பொருள்:
முதலில் அதை எடைக்குப் போடாதீங்க, தயவுசெய்து. அந்த 1768 வருடம் இல்லை, எந்த டிசைன் என்று காட்டக் கம்பெனி போட்ட மாதிரி எண். டிக்சன் கம்பெனியே 1800-களின் தொடக்கத்தில்தான் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆரம்பித்தது, அதிலும் ‘அண்ட் சன்ஸ்’ என்று பெயரில் சேர்ந்தது 1830-களில், அதனால் உங்கள் குவளை அதற்கு முந்தியதாக இருக்கவே முடியாது. டான் ஆற்றங்கரையில் கார்னிஷ் பிளேஸ் என்று பெரிய ஆலை வைத்திருந்தார்கள், கட்டடம் இன்னும் நிற்கிறது, இப்போது அடுக்குமாடி வீடுகள். டீபாட், விளையாட்டுக் கோப்பை, வேட்டைக்காரர்கள் வெடிமருந்து கொண்டுபோகும் குடுவை எல்லாம் அங்கே செய்தார்கள். கிறிஸ்டோஃபர் டிரெஸ்ஸர் என்ற அந்தக் காலத்து வடிவமைப்பாளர் வரைந்து கொடுத்த டீபாட்கள் இப்போது அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

‘இங்கிலாந்து’ என்ற சொல்லும் முத்திரையில் இருக்கிறதா பாருங்க. வெளிநாட்டுச் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று இருக்க வேண்டும் என அமெரிக்கா 1890-ல் சட்டம் போட்ட பிறகுதான் அது பரவலாக வந்தது. அது இல்லையென்றால் பழையது என்று அடித்துச் சொல்ல முடியாது, இருந்தால் 1890-க்குப் பிந்தியது என்று ஓரளவு நம்பலாம். கடைக்காரர் வெள்ளி இல்லை என்றது சரிதான், இங்கிலாந்து வெள்ளியில் நடக்கிற சிங்கத்தின் முத்திரை இருக்கும். ஆனால் வெள்ளி இல்லை என்பதாலேயே பழைய ஈயம் ஆகிவிடாதே!

அனுப்பர்பாளையம் பட்டறை:
நாங்கள் மூன்று தலைமுறையாகப் பாத்திரத் தொழில், அதனால் கீலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பியூட்டர் என்றால் பெரும்பகுதி வெள்ளீயம்தான். ஷெஃபீல்டுக்காரர்கள் செய்தது பெரும்பாலும் பிரிட்டானியா மெட்டல் என்கிற வகை, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெள்ளீயம், மீதி ஆன்டிமனியும் கொஞ்சம் செம்பும். நம் வீட்டு ரசம் வைக்கிற ஈயச் சொம்பு மாதிரிதான் நினைச்சுக்கோங்க, வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் என்ன ஆகும் என்று அம்மாயியைக் கேட்டால் தெரியும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், பித்தளைக்குப் பற்றவைக்கிற சூடு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். எந்தப் பட்டறையிலும் கேஸ் ஊதுகுழலை மூடிப்பக்கம் காட்ட விடாதீங்க, கண்ணெதிரே ஓட்டை விழுந்துவிடும். கீலுக்கு நடுவில் ஓடுகிற ஊசி தேய்ந்திருந்தாலே மூடி இப்படிச் சாயும், அந்த ஊசியைத் தட்டி எடுத்துவிட்டு அளவான பித்தளைக் கம்பி போட்டால் போதும், சூடே வேண்டாம். கீலின் மடிப்பே உடைந்திருந்தால் மட்டும் மிகக் குறைந்த சூட்டில் உருகும் பற்று வேண்டும், அதுவும் பழகின கை வேண்டும்.

ஈரோடு செல்வி:
நான் இப்படி ஒன்றைப் பீதாம்பரி போட்டுத் தேய்த்துக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறேன், பளபளவென்று இருக்கிறது. புதிதாக விற்கும்போது அப்படித்தானே இருந்திருக்கும்?

கோவை பழம்பொருள்:
இருந்திருக்கும்ங்க, பிரிட்டானியா மெட்டலை வெள்ளி போலப் பளபளப்பாகத்தான் விற்றார்கள். ஆனால் மெத்தென்ற உலோகம், ஒவ்வொரு தடவை பொடி போட்டுத் தேய்க்கும்போதும் முத்திரையும் செதுக்கிய எழுத்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், அந்த முத்திரையை வைத்துத்தான் நாம் இவ்வளவும் பேசிக்கொண்டிருக்கிறோம். புளி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர், துளி சோப்பு, பருத்தித் துணி, அவ்வளவுதான். அப்புறம், பழைய மலிவுப் பியூட்டரில் காரீயம் கலந்திருக்கும். டிக்சன் சரக்கு அப்படி இல்லை என்றாலும், இடையில் யார் என்ன பற்று வைத்தார்களோ, எதையும் ஊற்றிக் குடிக்க வேண்டாம்.

வால்பாறை பேரன்:
ரொம்ப நன்றிங்க. பார்த்துவிட்டேன், சிங்கம் இல்லை, ‘இங்கிலாந்து’ இல்லை. ஆனால் முத்திரைக்குப் பக்கத்தில் எக்காளம் மாதிரி ஒன்று, அதில் கொடி தொங்குகிற மாதிரி மங்கலாகத் தெரிகிறது. கீல் ஊசியில் ஒரு முனை வெளியே வந்திருக்கிறது.

கோவை பழம்பொருள்:
எக்காளமும் கொடியும் டிக்சனின் சொந்த முத்திரை, இனிச் சந்தேகமே வேண்டாம். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்துப் போடுங்க, மங்கின கோடும் நிழல் விழுந்து தெரியும்.

அனுப்பர்பாளையம் பட்டறை:
ஊசி வெளியே வந்திருந்தால் வேலை சுலபம். திருப்பூர் பக்கம் வந்தால் கொண்டு வாங்க, உட்கார்ந்து பார்த்துச் செய்து தருகிறேன்.