சிட்டி ஸ்கூல்ல அக்ரி கிளாஸ்: "நான் ஏன் மண்ணுல இறங்கணும்"னு கேக்குற பையனுக்கு என்ன சொல்றது?

கோவைக்காரி:
வணக்கங்க. கோயமுத்தூர்ல பிஎஸ்சி அக்ரி முடிச்சேன், இப்ப அமெரிக்காவுல ஒரு பெரிய சிட்டி ஹைஸ்கூல்ல அக்ரி டீச்சர், இது ரெண்டாவது வருஷம். கிளாஸ்ல பாதிக்கு மேல கருப்பினப் பசங்க, மிச்சம் பெரும்பாலும் மெக்சிகோ குடும்பங்க. ஆனா எங்க புக்ல அயோவா சோளக்காடும் டிராக்டரும் வெள்ளக்கார தாத்தாவும்தான். போன வாரம் பாத்தி எடுக்கக் கூட்டிட்டுப் போனா ஒரு பையன் மம்பட்டியத் தொடவே இல்ல. "எங்க கொள்ளுப்பாட்டி மிசிசிப்பி பருத்திக்காட்ட விட்டுத் தப்பிச்சுதான் இங்க வந்தாங்க, நான் ஏன் திரும்பப் போகணும்"னு கேட்டான். எனக்குப் பேச்சே வரல. நம்மூர்லயும் "படிக்கலன்னா மாடு மேய்க்கப் போ"ம்பாங்க, ஆனா அவன் சொன்னது அதில்லன்னு மட்டும் புரிஞ்சுது. என்ன பண்ணட்டும்?

பழைய வாத்தியார்:
அவன் கேட்டது சரியான கேள்விம்மா, அதையே பாடமாக்கு. 1910ல இருந்து 1970க்குள்ள அமெரிக்காவோட தெற்கு மாநிலங்கள்ல இருந்த நிறவெறிக்குத் தப்பிச்சு வந்த கருப்பினத்தவங்க சுமார் 60 லட்சம் பேரு, அவன் கொள்ளுப்பாட்டி அதுல ஒருத்தங்க. 1920 கணக்கெடுப்புல கருப்பின விவசாயிங்க 9 லட்சத்துக்கும் மேல, இன்னிக்கு 50 ஆயிரத்துக்கும் கீழ. அவங்க விவசாயத்த வெறுத்து விட்டுட்டாங்கன்னு மட்டும் சொன்னா பாதிக்கதைதான், அரசு விவசாயத்துறை கடன் தராம இழுத்தடிச்சதுல நிலம் போனவங்க எத்தனையோ பேரு, அரசாங்கம் மேலயே கேஸ் போட்டு 1999ல சமரசம் ஆச்சு. எஃப்எஃப்ஏன்னு அக்ரி படிக்கிற ஸ்கூல் பசங்களோட சங்கம், அதோட நீலக்கோட்டு போடச் சொல்றோமே, அதுல இவங்களச் சேக்காத காலத்துல நியூ ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கான்னு 1935ல தனியா தேசிய சங்கம் வெச்சாங்க, கருப்புக்கோட்டு தங்க எழுத்து. 1965ல எஃப்எஃப்ஏவோட சேத்தப்ப 50 ஆயிரத்துக்கும் மேல உறுப்பினருங்க, அந்தப் பேரு, கோட்டு, சின்னம் எல்லாம் அதோட போச்சு. இத முதல்ல சொல்லு, மம்பட்டி அப்புறம்.

நைட்ரஜன் பாடத்துக்கு ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்ங்கிற கருப்பின விவசாய விஞ்ஞானியப் புடி, பருத்தி போட்டுப் போட்டு செத்த மண்ணுக்கு தட்டப்பயிறும் கடலையும் போடச் சொன்ன மனுஷன். தட்டப்பயிறே மேற்கு ஆப்பிரிக்காவுல இருந்து வந்ததுதான். வேர பிடுங்கி, காத்துல இருக்குற நைட்ரஜன மண்ணுக்குப் புடிச்சுத் தர்ற பாக்டீரியா இருக்குற முடிச்சக் காட்டு, நீ சொல்ல வேண்டியத அந்த வேரே சொல்லிரும்.

மாடித்தோட்டம்:
சார் சொன்னது சரி, ஆனா ஒண்ணு. மெக்சிகோ பையன்னா தாத்தா விவசாயியாத்தான் இருப்பாருன்னு நாமளே முடிவு பண்ணக்கூடாது, என் கிளாஸ்ல ஒரு பொண்ணோட அப்பா அக்கவுண்டன்ட், நான் மக்காச்சோளம் பத்தி அவகிட்டயே கேட்டுக் கேட்டு அவ முகமே மாறிடுச்சு, இப்பவும் உறுத்துது. எல்லாருக்கும் ஒரே கேள்வி வைங்க, "வீட்ல என்ன சமைக்கிறாங்க, அது எங்க வெளஞ்சுது". அப்புறம் வருஷத்துக்கு ஒரு நாள் டாக்கோன்னு மெக்சிகோ பலகாரம் பண்ணிட்டு பண்பாடு முடிஞ்சுதுன்னு விட்டுடாதீங்க. குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ்னு ஒரு அமெரிக்கக் கல்வி ஆராய்ச்சியாளர் 1995லயே சொன்னாங்க, பசங்க நல்லா படிக்கணும், தன் பண்பாட்ட விடக்கூடாது, அநியாயத்தக் கேள்வி கேக்கவும் தெரியணும்னு. பண்பாட்டப் புடிச்சுக்கிட்டு படிப்புல மார்க்க தளத்திட்டா பசங்களுக்குத்தான் நஷ்டம்.

கோவைக்காரி:
ரொம்ப நன்றிங்க. அந்தக் கேள்விய வெச்சேன். அந்த மம்பட்டி தொடாத பையன் மெதுவா, "பாட்டி வெண்டைக்காய் போட்டு கம்போ வைப்பாங்க"ன்னான், அது அவங்க ஊர்க் குழம்பு மாதிரி. எங்கம்மாவும் வெண்டைக்காய் புளிக்குழம்பு வைப்பாங்கன்னேன், கொழகொழப்ப எப்படி எடுக்கறதுன்னு பத்து நிமிஷம் பேசினோம். அவன் முழுசா மாறிட்டான்னு சொல்ல மாட்டேன், மம்பட்டிய இன்னும் எடுக்கல, விதை மட்டும் அவனே எண்ணி வெச்சான். இங்க வெண்டை எப்பப் போடலாம்?

பழைய வாத்தியார்:
வெளிய நட மே கடைசி வரைக்கும் பொறு, மண்ணு சில்லுன்னு இருந்தா அழுகிரும். அதுவரைக்கும் விதைய ராத்திரி ஊற வெச்சு, கிளாஸ் உள்ள கப்புல போட்டுக்க. காய்ப்பு வர்றப்ப ஸ்கூல் லீவு, அதனால ரெண்டு செடி அவன் வீட்டுக்கே குடுத்துவிடு, அதையே அவனோட ப்ராஜெக்டா எழுதிக்கலாம். ஆகஸ்ட்ல கொலார்ட்னு முட்டைக்கோஸ் குடும்பத்துக் கீரை போடு, பனி பட்டா ருசி கூடும், அவங்க பாட்டிக்கு அது தெரிஞ்சிருக்கும், கேக்கச் சொல்லு.