கைனேஸ் நங்கூரமா, கைனேஸ் தறியா?

வேலூரிலிருந்து:
வணக்கம். தமிழ்வழியில் படித்துவந்த முதலாமாண்டுப் பிள்ளைகளுக்காக ஏகேஏபி9 (ஆங்கிலத்தில் A-kinase anchoring protein 9) மரபணு பற்றிக் குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். மரபணு இருப்பது 7ஆம் குரோமோசோமில். அது தரும் புரதம், புரத கைனேஸ் ஏ என்னும் நொதியை (கைனேஸ் என்றால் பிற மூலக்கூறுகளில் பாஸ்பேட்டை ஏற்றும் நொதி) பிடித்து, வேலை நடக்கும் இடத்தருகே நிறுத்திவைக்கிறது. பழைய குறிப்பொன்றில் 'நங்கூரக் கைனேஸ்' என்றிருக்கிறது. அது தவறு. இந்தப் புரதம் கைனேஸே அல்ல, கைனேஸைக் கட்டிவைப்பது. 'கைனேஸ் நங்கூரப் புரதம்' என்று போடலாமா?

குடியாத்தத்திலிருந்து:
ஐயா, நங்கூரம் பாரசீக 'லங்கர்' வழி வந்தது. யானை கட்டும் தூணுக்குச் சங்கப் பாடல்களிலேயே 'கந்து' இருக்கிறது. இல்லையேல் 'தறி'. தறித்தல் என்றால் வெட்டுதல். வெட்டி நட்ட கட்டை தறியாயிற்று. 'கைனேஸ் தறி' என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு கச்சிதம்!

காட்பாடியிலிருந்து:
கந்து என்றதும் பிள்ளைகளுக்குக் கந்துவட்டிதான் ஞாபகம் வரும். தறி என்றால் உங்கள் ஊரிலேயே லுங்கி நெய்கிற தறி அல்லவா ஐயா? பொய்கைச் சந்தையில் மாடு கட்டும் முளை பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் உயிரியல் வகுப்பில் முளை என்றால் விதை முளைப்பது. கடல் பார்க்காத பிள்ளைக்கும் நங்கூரம் புரியும். விட்டுவிடுங்கள்.

குடியாத்தத்திலிருந்து:
புரிகிறது என்பதற்காக இரவல் சொல்லையே பிடித்துக்கொண்டிருந்தால் நம் சொல் என்றைக்குப் புழங்கும்? 'கட்டுத்தறி' என்று எழுதினால் நெசவுக் குழப்பமும் வராது.

ஆரணியிலிருந்து:
எனக்கு இடிப்பது பெயரின் முதல் பாதியான 'கைனேஸ்'. இந்த மரபணுவின் யோடியாவோ என்னும் வடிவம் இதயத்தில், செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வாயிலோடு ஒட்டியிருக்கிறது. அட்ரினலின் ஏறியதும் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்னும் சேதி சொல்லும் மூலக்கூறு கூடுகிறது, கைனேஸ் விழித்து வாயிலில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது, பொட்டாசியம் கூடுதலாக வெளியேறுகிறது. துடிப்பு வேகமெடுக்கும்போது ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயச்செல் சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்புவது இதனால்தான். ஏற்றிய பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியையும் இதே புரதம்தான் பக்கத்தில் வைத்திருக்கிறது! அப்படியிருக்கக் கைனேஸை மட்டும் பெயரில் வைப்பானேன்? 'நொதி நங்கூரப் புரதம்' என்க.

வேலூரிலிருந்து:
நல்ல கருத்து அம்மா. ஆனால் உலகம் முழுக்கக் கைனேஸை வைத்தே பெயர். தேர்விலும் அப்படித்தான் கேட்பார்கள். 'கைனேஸ் நங்கூரப் புரதம்' என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். கழற்றும் நொதியைப் பற்றி ஒரு பத்தி சேர்த்துவிடுகிறேன்.

குடியாத்தத்திலிருந்து:
அனுப்புங்கள். அடைப்புக்குறிக்குள் 'கட்டுத்தறி' என்றாவது போடுங்கள். அடுத்த பதிப்புக்கு மறுபடி கேட்பேன்.