பிளேடு ரன்னர் 2049 படத்தில் மரக்குதிரை வரும் இடத்தில் வேறு யாருக்காவது இப்படி ஆனதா?

கோலிவாடாக்காரன்:
பிளேடு ரன்னர் 2049. கே என்ற நகல் மனிதனின் கதை. 2017 அக்டோபர், மும்பை குர்லாவில் இரவுக் காட்சி. தன் நினைவெல்லாம் தயாரித்து உள்ளே வைத்தது என்று நம்பியிருந்த கே, சிறுவயதில் மரக்குதிரையை ஒளித்துவைத்ததாக நினைவிலிருக்கும் உலைக்குள் கையை விட்டுச் சாம்பலைத் துழாவுகிறான். குதிரை வருகிறது, அப்படியானால் நினைவு நிஜம். அடியில் 6.10.21 என்று தேதி. எனக்கு மூச்சு அடைத்துவிட்டது. என்ன ஆயிற்று என்று பக்கத்து இருக்கைக்காரர் இந்தியில் கேட்டார்.

நான் சயானில் பிறந்தவன். ஆனால் சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊர்க் கிணறு எனக்கு அத்துப்படி. சுவரில் குப்புறப் படுத்துப் பித்தளை டம்ளரைக் கீழே விடுகிறேன். படிக்கல்லில் பட்டு ணங் என்கிறது, பிறகுதான் தண்ணீர்ச் சத்தம். தாத்தா பின்னாலிருந்து என் அரைஞாண் கயிற்றைப் பிடித்து இழுக்கிறார். இடுப்பில் எரிந்தது இன்றும் தெரிகிறது.

மறுநாள் காலை காபி ஆற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். "அது பெரியவன் செய்த சேட்டை. நீ பிறப்பதற்குள் அந்தக் கிணற்றைத் தூர்த்தாயிற்று" என்றாள். திருநெல்வேலியில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவனுக்கு நினைவே இல்லையாம்.

செம்பூர் இரட்டை:
முதலில் ஒரு திருத்தம். கே நகல் மனிதன் அல்ல. நகல் என்றால் மூலம் ஒன்று இருக்க வேண்டும். ரெப்ளிகன்ட் என்பது ஆலையில் செய்த மனிதன், அவ்வளவுதான். நிஜமான நகல் வேண்டுமென்றால் 1997இல் வந்த ஏலியன் நான்காம் பாகத்தைப் பாருங்கள். மூன்றாம் பாகத்தில் செத்த நாயகி ரிப்ளியை 200 வருடம் கழித்து நகலாக மறுபடி உண்டாக்குகிறார்கள். அவள் கையில் 8 என்று குத்தியிருக்கும்.

நானும் அக்காவும் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர். அவள் ஆறு நிமிடம் மூத்தவள். கேபிளில் அந்தப் படம் ஓடியபோது கல்லூரி முதலாண்டு. ரிப்ளி அந்த அறைக்குள் போகிறாள். அவளுக்கு முன் செய்து பார்த்துக் கெட்டுப்போன ஏழு நகல்கள். ஏழாவது உயிரோடு மேசையில் கிடந்து, கொன்றுவிடு என்று கெஞ்சுகிறது, அதுவும் அவள் முகத்தோடு. மிக்சர் தின்றுகொண்டிருந்த அக்கா நிறுத்திவிட்டு, "நம் இருவரில் எட்டாவது யார்டி?" என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் அன்று இரவு ஹாலில் போய்ப் படுத்துக்கொண்டேன். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பணி ஓய்வு, முலுண்ட்:
என் அனுபவம் சிறியது. 2049க்கு மகன் அழைத்துப் போனான். 163 நிமிடத்தில் பாதி தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது ஒருவன் படிக்கட்டில் படுத்துக் கையில் விழும் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சாகிறான் என்று மகன் சொன்னான். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நிற்க. புதிதாகப் பார்ப்பவர்கள் நேரே இரண்டாம் பாகமான 2049க்குப் போகாதீர்கள். முதலில் 1982இல் வந்த பிளேடு ரன்னர். அதிலும் நாயகன் பின்னணியில் பேசிக்கொண்டே வரும் பழைய வடிவம் வேண்டாம், 2007இல் வந்த இறுதி வடிவத்தைப் பாருங்கள். பிறகு, 2049க்கு முன்னோட்டமாக வந்த மூன்று குறும்படங்கள். இடைவேளைக்கு முன் தண்ணீர் குடிக்காதீர்கள். செம்பூர் அம்மா ஏழு தோல்விக்கே கலங்குகிறார். 1996இல் நகலெடுத்துப் பிறந்த டாலி ஆட்டுக்கு 277 முயற்சியில் ஒரே குட்டிதான் தேறியது. அதுவும் ஆறு வயதில் போய்விட்டது. நம் ஹரியானா கர்னாலிலும் 2009இல் முதலில் பிறந்த நகல் எருமைக் கன்று ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. தம்பி கோலிவாடா, நீங்கள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய் அந்த இடத்தைப் பார்த்து வாருங்கள், குழப்பம் தீரும். ரயிலுக்கு இப்போதே முன்பதிவு செய்யுங்கள், பள்ளி விடுமுறையில் கிடைக்காது. இரவில் தயிர் தவிர்க்கவும்.

செம்பூர் இரட்டை:
நான் கலங்கவில்லை ஐயா. ஆட்டுக்கு அக்கா கிடையாது.

கோலிவாடாக்காரன்:
ஊருக்குப் போய்விட்டுத்தான் வந்தேன். கிணறு இருந்த இடத்தில் யாரோ மாட்டுக்கொட்டகை போட்டிருக்கிறார்கள். அண்ணன் வெளியே நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். திரும்பும்போது பஸ்ஸில், அந்த டம்ளர் பித்தளையா எவர்சில்வரா என்று என்னிடமே கேட்டான். பித்தளை என்றேன்.