ஹிட்ச்ஹைக்கர் = ஒண்டுயிரி? (மறுமொழி)

> ‘ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டியது’ என்பார்களே. ஒண்டுயிரி என்றால் கெட்டது என்றுதானே தோன்றும்? முன்பு பேசிய ஒட்டுண்ணி, தொற்றி, வந்தேறி இவற்றில் ஒன்று போதாதா?

ஐயா, வணக்கம். ஹிட்ச்ஹைக்கர் என்றால் வழியில் போகும் வண்டியில் இலவசமாகத் தொற்றிக்கொண்டு பயணம் போகிறவர். கடல்நீர்த் தொட்டி வளர்ப்பவர்கள், கல்லிலோ பவளத்திலோ ஒளிந்து நாம் அறியாமல் தொட்டிக்குள் வந்துவிடும் உயிர்களை அப்படி அழைக்கிறார்கள். அதற்குத்தான் ‘ஒண்டுயிரி’ என்ற சொல்லை முன்வைத்தேன். கெட்டது என்று முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த மூன்றையும் மறுக்கிறேன்.

குன்னூரில் எங்கள் வீட்டில் 150 லிட்டர் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. சமவெளியில் தண்ணீரைக் குளிரவைக்கச் சில்லர் வாங்குகிறார்கள். இங்கே ஹீட்டர் நின்றால் ஒரே இரவில் 25 டிகிரியிலிருந்து இறங்கிவிடும். கடலிலிருந்து பவளக்கல் எடுக்கச் சட்டம் இடம் தராது. அதனால் காய்ந்த கல்லை நண்பர் ஒருவரின் பழைய தொட்டியில் ஆறு மாதம் ஊறவிட்டு எடுத்து வந்தேன். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச் அடித்தபோதுதான் அதில் யாரெல்லாம் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

பொந்திலிருந்து ஒரு புழு தலைநீட்டியது. உடலின் இருபுறமும் வெள்ளை முள்மயிர். பார்த்ததும் மகனிடம் “ஒட்டுண்ணிடா” என்றேன். கையுறை போட்டுக்கொண்டு இரண்டு வாரத்தில் இருபதுக்கு மேல் பிடித்து வெளியேற்றினேன். அவை எந்த மீனையும் உறிஞ்சவில்லை. மிஞ்சிய தீனியையும் கழிவையும் தின்று கல்லிடுக்குகளைத் துப்புரவாக வைத்திருந்தன. அவை போனபின் இடுக்குகளில் தீனி அழுகியது, அம்மோனியா ஏறியது, ஒரு கோமாளி மீன் செத்துப்போனது. அதே நாட்களில், பழுப்பு நிறத்தில் பூப்போல விரிந்த குட்டிக் கடல் சாமந்தியை அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்தேன். அது ஐப்டேசியா. பிய்த்தால் மிஞ்சிய துணுக்கிலிருந்து மறுபடி முளைக்கும், பக்கத்துப் பவளத்தைக் கொட்டும். பெயர் முந்திக்கொண்டதால் வந்த இழப்பு இது. இன்னும் மனம் ஆறவில்லை.

‘தொற்றி’ என்றால் கொரோனாவுக்குப் பின் எல்லோருக்கும் நோய்தான் நினைவுக்கு வரும். ‘வந்தேறி’ மனிதரை ஏசும் சொல்லாகிவிட்டது. அதைத் தொட எனக்கு விருப்பமில்லை. தவிர, வந்தேறி மரங்கள் என்று சொல்லப்படும் சீகையையும் (வாட்டில்) கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) நீலகிரியில் மனிதர்கள் வேண்டுமென்றே கொண்டுவந்து நட்டார்கள். இந்தப் புழுவை யாரும் அப்படி வேண்டுமென்று கொண்டுவரவில்லை.

பழமொழியில் குற்றம் பிடாரியின் மேல்தான், ஒண்டுவதன் மேல் இல்லை. இங்கே மழை பிடித்துக்கொண்டால் டீக்கடை இறவாரத்தில் பத்துப் பேர் ஒண்டி நிற்போம். கடைக்காரர் யாரையும் சந்தேகிப்பதில்லை. யார், எந்த ஊர் என்று அப்புறம்தான் பேச்சு வரும். தொட்டியிலும் அந்த அவகாசம் வேண்டும்.

பயணம் என்ற பொருள் விடுபடுகிறதே என்று இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். உண்மைதான். ஆனால் அந்த உயிர் பயணம் செய்வது வாளியில் ஒருநாள். கல்லிடுக்கில் ஒண்டியிருப்பதோ வாழ்நாள் முழுக்க. வினைத்தொகை என்பதால் ஒண்டிய, ஒண்டுகிற, ஒண்டும் உயிர் மூன்றுக்கும் இடமுண்டு.

“கல்லில் ஒரு ஒண்டுயிரி, என்னவென்று தெரியவில்லை, படம் இணைத்திருக்கிறேன்.” இப்படி எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை. நுண்ணுயிரி போல ‘உயிரி’ என்று முடிக்கலாமா, ‘ஒண்டுயிர்’ என்றே நிறுத்தலாமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.