வீட்டு வேலைச் சத்தம், பக்கத்து வீட்டுக்காரர் போலீசில் மனு: அவசரம், யாராவது சொல்லுங்கள்

கப்பலேறியவன்:
எல்லோருக்கும் வணக்கம். நான் வெளிநாடு வந்து ஏழு வாரம்தான் ஆகிறது. வீட்டில் தரை மாற்றுகிற வேலை நடக்கிறது. சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் மூன்று நாளாகச் சண்டை. நேற்று போலீசில் மனுவே கொடுத்துவிட்டார். இன்று ஆபீஸ் மீட்டிங் நடுவில் எனக்கு நாலு தடவை போன். கை நடுங்குகிறது. வேலையை நிறுத்தவும் முடியாது, தை பிறப்பதற்குள் முடித்தாக வேண்டும். என் வேலை அனுமதிக்கு ஏதும் சிக்கல் வருமா? இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

உட்லண்ட்ஸ் ஆச்சி:
தம்பி, முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். சிங்கப்பூரில் வீவக (அரசு வீடமைப்புக் கழகம்) வீடு என்றால் விதி தெளிவாக இருக்கிறது. இடிப்பது, டைல்ஸ் வெட்டுவது, பலமாகத் துளை போடுவது எல்லாம் வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான். சனி, ஞாயிறு, பொது விடுமுறையில் கூடவே கூடாது. சத்தமில்லாத வேலையைச் சனிக்கிழமையும் 6 மணி வரை செய்யலாம். உங்கள் ஒப்பந்தக்காரர் பதிவு பெற்றவரா, அனுமதி வாங்கினாரா என்று பாருங்கள். வாங்கியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

நான் 2009இல் வந்தபோது மாடி வீட்டில் தரையை உடைத்தார்கள். கைக்குழந்தைக்கு அப்போது நாற்பது நாள். யாரிடம் சொல்வது என்றுகூடத் தெரியாது. வாடகைக்கு எடுத்தது ஒரு அறை, சமைக்கக் கூடாது என்று வீட்டம்மா கட்டளை. ரசம் வைக்க வழியில்லாமல் அழுதிருக்கிறேன். அதையெல்லாம் நினைத்தால் உங்களுடையது ஒன்றுமே இல்லை.

ஹாரோ அண்ணன்:
சிங்கப்பூர் என்று அவர் சொல்லவே இல்லையே ஆச்சி. தம்பி, லண்டன் பக்கம் என்றால் கணக்கு வேறு. பல கவுன்சில்களில் வார நாள் 8 முதல் 6, சனி 8 முதல் 1, ஞாயிறு கிடையாது. மீறினால் 1974ஆம் வருஷச் சட்டப்படி கவுன்சில் நோட்டீஸ் விடலாம். அதைவிட முக்கியம், பொதுச் சுவரில் கை வைத்திருக்கிறீர்களா? இங்கே பொதுச் சுவருக்கென்றே 1996இல் ஒரு சட்டம் போட்டார்கள். சுவரைத் தொடும் வேலை என்றால் இரண்டு மாதம் முன்பே பக்கத்து வீட்டுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். எனக்கு இது தெரியாமல் அலமாரிக்காகச் சுவரைக் குடைந்து, சர்வேயருக்கு அழுத பணத்தில் காரைக்குடிக்கு மூன்று தடவை போய் வந்திருக்கலாம்.

பக்கத்து வீட்டாரிடம் வாயால் எதுவும் பேசாதீர்கள். எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

மியூனிக்வாசி:
அண்ணன் சொல்வதற்கு நேர் எதிராகச் சொல்கிறேன், மன்னிக்கவும். எழுதவே எழுதாதீர்கள். இங்கே ஜெர்மனியில் இரவு 10 முதல் காலை 6 வரையும் ஞாயிறு முழுக்கவும் அமைதி நேரம். பல கட்டடங்களில் மதியம் 1 முதல் 3 வரையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலிப் பாட்டில்களை மறுசுழற்சித் தொட்டியில் போடுவதும் தப்பு, கண்ணாடி உடைகிற சத்தம் கேட்குமாம். வந்த முதல் மாதம் ஞாயிறன்று சுவரில் முருகன் படத்துக்கு ஆணி அடித்தேன். நாலே அடிதான். கீழ் வீட்டுப் பாட்டி கதவில் சீட்டு ஒட்டிவிட்டார். நானும் பதில் சீட்டு எழுதி ஒட்டினேன். அது வளர்ந்து வீட்டு நிர்வாகம் வரை போனது. கடைசியில் ஒரு டப்பா அதிரசத்தோடு போய்க் கதவைத் தட்டினேன், முடிந்தது. நேரில் போங்கள்.

கப்பலேறியவன்:
எல்லோருக்கும் நன்றி. ஆனால் என்னால் நேரில் போக முடியாதே. ஆத்தாதான் தனியாகச் சமாளிக்கிறார்கள்.

ஹாரோ அண்ணன்:
அம்மாவையும் கூட்டி வந்துவிட்டீர்களா? ஏழு வாரத்தில் விசா கிடைத்ததா? எங்களுக்கு நாலு வருஷம் இழுத்தடித்தார்கள்.

டாலஸ் பேராண்டி:
கொடுத்துவைத்தவர். எங்கள் ஆத்தா ஒரு குளிர்காலம் இருந்துவிட்டு, ஜெயிலே மேல் என்று திரும்பிப் போய்விட்டார்கள்.

சத்தம் பற்றிப் பேசுவதால் கேட்கிறேன், நம்மவர்கள் மேல் மட்டும்தான் புகார் போகிறதா? எதிர் வீட்டார் வாரம் தவறாமல் இலை ஊதுகிற மெஷினை அலறவிடுகிறார், யாரும் கேட்பதில்லை. நாம் கடுகு தாளித்தால் மட்டும் மூக்கைப் பிடிக்கிறார்கள்.

உட்லண்ட்ஸ் ஆச்சி:
கடுகாவது பரவாயில்லை. நான் கருவாட்டுக் குழம்பு வைத்த கதையைச் சொன்னால் ஒரு நாள் போதாது.

ஹாரோ அண்ணன்:
ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? சென்ற முறை போனபோது எங்கள் தெருவில் ஒரு வீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பர்மாத் தேக்குத் தூண், நிலை, கதவு எல்லாம் லாரியில் ஏறுகிறது. காலையிலிருந்து இரவு வரை கடப்பாரைச் சத்தம். பங்குக்காரர்கள் ஆறு நாட்டில் இருக்கிறார்கள், யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு எந்தக் கவுன்சிலில் புகார் கொடுப்பது?

டாலஸ் பேராண்டி:
எங்கள் ஐயா (தாத்தா) பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போய்ச் சம்பாதித்துக் கட்டிய வீடு, இப்போது வௌவால் குடியிருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை ஓடு மாற்றவே ஆள் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் கூலியைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

கோட்டையூர் மருமகள்:
எல்லோரும் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். அவர் எழுதியதை மறுபடி படித்தேன். தை பிறப்பதற்குள் என்கிறார். நேரில் போக முடியாது என்கிறார். ஆத்தா தனியாகச் சமாளிக்கிறார்கள் என்கிறார். தம்பி, வேலை நடக்கிற வீடு எந்த ஊரில் இருக்கிறது?

கப்பலேறியவன்:
காரைக்குடி பக்கம் பள்ளத்தூரில் அக்கா. சொல்லவில்லையா? பதட்டத்தில் விட்டுவிட்டேன் போல. நான் இருப்பது சிங்கப்பூர்.

அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) தையில் அறுபதாம் கல்யாணம், எங்கள் வீட்டு வளவிலேயே (உள் முற்றத்திலேயே) வைப்பதாக ஏற்பாடு. வளவிலும் பட்டாலையிலும் (முன் கூடத்திலும்) தரை பெயர்ந்து கிடந்ததால் ஆத்தங்குடிக் கல் போடுகிறோம். பக்கத்து வீடு பெரியப்பா முறை. ஐயா காலத்தில் ஒரே வீடு, பங்கு பிரித்து நடுவில் சுவர் எழுப்பியது. அப்பச்சி கண் ஆபரேஷனுக்கு மதுரையில் இருக்கிறார். ஆத்தா மட்டும் வீட்டில்.

உட்லண்ட்ஸ் ஆச்சி:
அட ராமா. நான் வீவக விதியெல்லாம் ஒப்பித்தேனே.

கோட்டையூர் மருமகள்:
பரவாயில்லை ஆச்சி, அவர் என்றைக்காவது வீடு வாங்கும்போது உதவும். தம்பி, இப்போது வேலைக்கு வருவோம்.

மனு வேறு, வழக்கு வேறு. ஸ்டேஷனில் மனுவை வாங்கியதற்கு சி.எஸ்.ஆர். என்ற ரசீது போட்டிருப்பார்கள், இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் வழக்கு. அதனால் வேலை அனுமதியை நினைத்து இன்று ராத்திரி முழித்திருக்க வேண்டாம். ஆனால் ஸ்டேஷனில் கூப்பிட்டால் ஆத்தா தனியாகப் போகக் கூடாது. துணைக்கு ஊரில் யார் இருக்கிறார்கள்?

நம் நாட்டுச் சட்டம் 2000ஆம் வருஷ ஒலி மாசு விதிகள்தான். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. கல் வெட்டும் மெஷின் பக்கத்தில் நின்றால் 90ஐச் சாதாரணமாகத் தாண்டும். அதனால் நாங்கள் பகலில்தானே செய்கிறோம் என்ற வாதம் முழுதாக நிற்காது. கொத்தனார் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறார், மெஷின் எங்கே ஓடுகிறது, பழைய தரையை எதால் உடைக்கிறார்கள்? மூன்றையும் கேட்டுச் சொல்லுங்கள்.

டாலஸ் பேராண்டி:
முதலில் ஒரு வக்கீலைப் பிடித்து பவர் (உங்கள் சார்பில் செயல்பட அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது.

கோட்டையூர் மருமகள்:
பவர் எதற்கு? வீடு அப்பச்சி பெயரில் இருந்தால் அவரே இருக்கிறாரே. இவர் பெயரில் இருந்தால்தான் சிங்கப்பூரில் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்ப வேண்டும், வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். மெஷின் சத்தத்துக்கு அவ்வளவு தூரம் ஓட வேண்டாம்.

கப்பலேறியவன்:
ஆத்தாவிடம் கேட்டேன். வெயிலுக்கு முன் முடிக்கலாம் என்று கொத்தனார் ஆறரைக்கே வந்துவிடுகிறார். இங்கே அப்போது ஒன்பது மணி, அதனால்தான் எனக்கு ஆபீஸ் நேரத்தில் போன். மெஷினை முகப்பில் வைத்து வெட்டுகிறார்கள், அது பெரியப்பா திண்ணையை ஒட்டிய இடம். பழைய தரையை உடைக்க பிரேக்கர் மெஷின். பெரியப்பா வீட்டுச் சுவரில் பூச்சு உதிர்ந்திருக்கிறதாம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கொத்து வேலை தெரிந்தவன்:
இத்தனை நாள் வாசகன், இப்போதுதான் எழுதுகிறேன். நாலு வருஷம் இந்த மாதிரிச் செட்டிநாட்டு வீடுகளில்தான் வேலை, இப்போது கத்தாரில்.

பிரேக்கரை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அந்தச் சுவர்கள் சுண்ணாம்புக் காரை. அதிர்வு கொடுத்தால் பூச்சு தட்டுத் தட்டாகக் கழன்று வரும், பெரியப்பா சொல்வது பொய்யாக இருக்காது. சுவரிலிருந்து மூன்றடி வரை உளியும் சுத்தியலும்தான். இரண்டு நாள் கூடப் பிடிக்கும், பிடிக்கட்டும்.

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடி மேல் சாயமும் சிமென்டும் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. முழுக் கல்லைப் பதிக்க மெஷினே வேண்டாம், ஓரத்துக்கும் தூண் அடிக்கும்தான் வெட்டு. எல்லா ஓரத்தையும் முதலில் அளந்து, ஒன்றிரண்டு நாளில் மொத்தமாக வெட்டி அடுக்கிவிடலாம். தினமும் பத்துக் கல் வெட்டுவது கொத்தனாரின் சோம்பேறித்தனம். மெஷினை வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டுக்குப் பின்னால் கொண்டுபோகச் சொல்லுங்கள், தண்ணீர் விட்டு வெட்டினால் தூசியும் அடங்கும்.

சுவரை இன்றே போட்டோ எடுத்து வையுங்கள், பெரியப்பா பக்கமும், அவர் விட்டால். பிறகு பழைய விரிசலா புதுசா என்று பேச்சு வராது.

மியூனிக்வாசி:
வேலை ஆரம்பிக்கும் முன் பெரியப்பாவிடம் சொன்னீர்களா?

கப்பலேறியவன்:
இல்லை. அப்பச்சி சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் சொல்லியிருப்பேன் என்று அவர் நினைத்திருக்கிறார்.

கோட்டையூர் மருமகள்:
அப்படியென்றால் மனு பாதி சத்தத்துக்கு, பாதி அதற்கு. பங்காளி வந்து நிற்காமல் அறுபதாம் கல்யாணம் எப்படி நடக்கும்? இன்று சாயங்காலம் நீங்களே கூப்பிடுங்கள், ஆத்தாவை விட்டுப் பேசச் சொல்லாதீர்கள். விதி, டெசிபல் எதுவும் வாயில் வரக் கூடாது. சொல்லாமல் ஆரம்பித்தது தப்பு என்று முதலில் சொல்லுங்கள். அப்புறம் எந்த நேரம் அவருக்குச் சௌகரியம் என்று கேளுங்கள். பூச்சு உதிர்ந்த இடத்தை உங்கள் செலவில் சரிசெய்து தருவதாகச் சொல்லுங்கள்.

ஹாரோ அண்ணன்:
பேசி முடித்ததை வாட்ஸப்பில் ஒரு வரி எழுதிவிடுங்கள். நான் சொன்னதில் அதுவாவது தேறட்டும்.

கப்பலேறியவன் (ஆறு நாள் கழித்து):
தாமதத்துக்கு மன்னியுங்கள். அன்றே பேசினேன். முதல் பத்து நிமிஷம் அவர்தான் பேசினார், எங்கள் ஐயா காலத்து விஷயமெல்லாம் வந்தது. பெரியம்மாவுக்குச் சர்க்கரை, ராத்திரி சரியாகத் தூக்கமில்லை, விடிந்துதான் கண்ணயர்கிறார்களாம். அந்த நேரத்தில்தான் நம் மெஷின்.

இப்போது காலை ஒன்பதரை முதல் ஒரு மணி, மறுபடி மூன்று முதல் ஐந்து. மெஷின் மூன்றாம் கட்டுக்குப் போய்விட்டது. ஓரக் கல்லை இரண்டு நாளில் வெட்டுவதாகச் சொன்ன கொத்தனார் மூன்றாவது நாளும் வெட்டிக்கொண்டிருக்கிறார். ஸ்டேஷனில் ஒரு முறை கூப்பிட்டார்கள், சின்ன மாமா போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பெரியப்பா மனுவை இன்னும் திரும்ப வாங்கவில்லை, வேலை முடியட்டும் என்கிறார். சுவர்ப் பூச்சுக்குச் சுண்ணாம்பு ஊறப்போட்டிருக்கிறோம்.

இன்று எனக்கு மூன்று முப்பத்தைந்துக்குப் போன். ஆத்தா என்று நினைத்து எடுத்தால் பெரியப்பா. "ஒரு மணிக்கு நிற்கணும்னு பேச்சு. இங்கே ஒன்று ஐந்து ஆகுது." கொத்தனார் நம்பரை அவருக்கே அனுப்பிவிட்டேன்.