எட்டுப் பாறையும் ஒரு பீங்கான் மயிலும்

மெல்போர்னில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது கிரேட் ஓஷன் ரோடு என்ற கடலோரச் சாலையில் ஒருநாள் பஸ் டூர் போய்வந்தோம். போனவர்கள் எல்லோரும் பாறைகளைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு மனசில் நின்றது வேறு.

அதற்கு முன்னால் சீட் விஷயம். மேற்கே போகும்போது கடல் இடப்பக்கம். வெயில் படாது என்று நம் ஊர்க் கணக்குப் போட்டு என் மனைவி வலப்பக்கம் இடம் பிடித்தாள். அங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கடலும் போச்சு, வெயிலும் முகத்தில்.

ஓட்டுநரேதான் கைடு. அறுபது வயதிருக்கும். ஈஸ்டர்ன் வியூ என்ற இடத்தில் சாலைக்கு மேலே நிற்கும் மரத்தோரண வாயிலருகே நிறுத்தி, முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919 முதல் 1932 வரை கடப்பாரையும் மண்வெட்டியுமாக வெட்டிய சாலை இது, செத்துப்போன தோழர்களுக்கு அவர்கள் எழுப்பிய நினைவுச்சின்னம் என்றார். லோர்ன் தாண்டியதும் வளைவோ வளைவு. காலையில் சாப்பிட்ட இட்லி தொண்டைவரை வந்துவிட்டது. எலுமிச்சம்பழம் கொண்டுபோங்கள். கென்னட் ரிவரில் கோலா பார்த்தோம். கிளைக்கவட்டில் சாம்பல் நிற மூட்டை, அவ்வளவுதான். முகத்தைக் காட்டவே இல்லை.

கடலுக்குள் தூண் தூணாக நிற்கும் பாறைகளுக்குப் ‘பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்’ என்று பெயர்தான். பன்னிரண்டு எப்போதும் இருந்ததில்லையாம். 2005 ஜூலையில் ஒன்று சரிந்தபின் எட்டு. சுண்ணாம்புக்கல் அல்லவா, அலை அடியை அரித்துக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் லண்டன் பிரிட்ஜ் என்ற பாறைப்பாலம் 1990-ல் இடிந்தபோது அந்தப்பக்கம் நின்ற இரண்டு பேரை ஹெலிகாப்டரில் மீட்டார்களாம்.

அப்புறம்தான் லாக் ஆர்ட் கார்ஜ். இரண்டு செங்குத்துப் பாறைச் சுவர்களுக்கு நடுவே சின்ன மணற்கரை. படியிறங்கிப் போனதும் காற்றின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. அதுவரை கேலி பேசிக்கொண்டிருந்த ஓட்டுநர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். 1878 ஜூன் 1 விடியற்காலை, இங்கிலாந்திலிருந்து மூன்று மாதம் ஓடிவந்த லாக் ஆர்ட் என்ற பாய்மரக் கப்பல் இங்கே மோதி மூழ்கியது. கரை வந்துவிட்டது என்று முந்தின இரவுதான் கப்பலில் விருந்து. 54 பேரில் பிழைத்தது இருவர்: பயிற்சி மாலுமி டாம் பியர்ஸ், பயணி ஈவா கார்மைக்கேல். முதலில் கரை சேர்ந்த டாம், ஈவாவின் அலறல் கேட்டு மறுபடி நீரில் இறங்கி அவளை இழுத்துவந்தார். குகையில் படுக்கவைத்து, கரையொதுங்கிய பிராந்தியைக் கொடுத்துவிட்டு, பாறையேறி உதவி தேடிப் போனார். அந்தக் குகையைக் கைடு காட்டினார். இருவரும் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்று ஊரே எதிர்பார்த்ததாம். ஈவா அயர்லாந்துக்குத் திரும்பிவிட்டாள். அவளுடைய அம்மாவும் ஒரு சகோதரியும் மேலே கல்லறையில் இருக்கிறார்கள். என் மனைவி அங்கே வெகுநேரம் நின்றாள்.

அதே கப்பலில் வந்த ஆளுயரப் பீங்கான் மயில் ஒன்று பெட்டியோடு கரையொதுங்கியது. இத்தனை உயிர் போன இடத்தில் பீங்கான் உடையவில்லை! இப்போது வார்னம்பூல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கள் பஸ் அதுவரை போகாது. ஒருநாள் டூரில் எனக்கு இருக்கும் ஒரே குறை இதுதான். முடிந்தவர்கள் இரண்டு நாளாகப் போங்கள்.

திரும்பும்போது மனைவி முந்திப்போய் இடப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். பஸ் கோலாக் வழி உள்நாட்டுச் சாலையில் ஏறியது. வழிநெடுக மாடுகள்தான்.