76ஆம் பிரிவு மசோதா: நம் மாகாணத்தின் ஆணை நகல்கள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வட்டாரச் சங்கங்களுக்காக ஒரு பக்க வழிகாட்டி தயாராகிறது. கேப் டவுனில் கூடும் மாகாணங்களின் தேசிய மன்றத்துக்கு (தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை, NCOP) நம் மனு எப்போது, யார் வழியாகப் போக வேண்டும் என்பதுதான் விஷயம்.

மன்றத்தில் 90 பேர். மாகாணத்துக்குப் பத்து: ஆறு நிரந்தர உறுப்பினர்கள், நான்கு சிறப்பு உறுப்பினர்கள். அரசியலமைப்பின் 75ஆம் பிரிவு மசோதாவுக்கு, அதாவது மாகாணங்களைப் பாதிக்காததற்கு, ஆளுக்கொரு வாக்கு. மாகாணங்களைப் பாதிக்கும் 76 என்றால் மாகாணத்துக்கே ஒரு வாக்குதான். அதையும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள நம் மாகாணச் சட்டமன்றம் சொன்னபடிதான் போட வேண்டும்; அது எழுதித் தரும் அறிவுறுத்தல்தான் ஆணை (mandate). ஒன்பதில் ஐந்து மாகாணங்கள் ஆதரித்தால் நிறைவேறும்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். திருத்தம் வேண்டுமென்றால், மாகாணம் கேட்கும் மாற்றங்களைச் சொல்லும் பேச்சுவார்த்தை ஆணை எழுதப்படும் முன்பே கேட்டுவிட வேண்டும். இறுதி ஆணை கட்டத்தில் ஆதரவு, எதிர்ப்பு, விலகல், அவ்வளவுதான். அப்போது உறுப்பினருக்குப் பக்கம் பக்கமாக மின்னஞ்சல் அனுப்பி என்ன பயன்? மனுவை மாகாணக் குழுச் செயலாளருக்கும் நிரந்தர உறுப்பினருக்கும் சேர்த்தே அனுப்புவது நல்லது. கருத்துக்கேட்பு வெறும் சடங்கல்ல. அது சரியாக நடக்காததால் 2006இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சுகாதாரச் சட்டங்களையே செல்லாது என்றது.

குவாசுலு-நட்டால் ஒரே மசோதாவுக்குக் கொடுத்த இரண்டு ஆணைகளும் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். கைபேசிப் படம் போதும். ஆனால் மசோதா எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். கருத்துக்கேட்பு அறிவிப்பு எத்தனை நாள் முன்னதாக வந்தது என்பதையும் எழுதுங்கள்.